செயினும் பல்லும்: சைக்கிள் கேள்வி பதில்

தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓடும் கிராவல் சைக்கிள் வாங்கப்போகிறேன். முன்னால் ஒரு செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) போதுமா, இரண்டு வேண்டுமா? வாரநாளில் வேலைக்கும் விடுமுறையில் கோத்தகிரிக்கும் அதில்தான்.
– வாசகி, மேட்டுப்பாளையம்

'11 கியர், 22 கியர்' என்ற கடைக்கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். மலைக்குத் தேவை மிதிக்க மிக லேசான கடைசி கியர்தான். முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் எண்ணிக்கையால் வகுத்தால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் எவ்வளவு சுற்றும் என்று தெரிந்துவிடும். அது குறையக் குறைய ஏற்றத்தில் மிதிப்பது லேசு. ஷிமானோ கம்பெனியின் கிராவல் கியர் வரிசையான ஜிஆர்எக்ஸில் முன்னால் 40 பல்லில் ஒற்றை, பின்னால் 11 முதல் 42 பல் வரை (11-42) என்றால் 0.95. முன்னால் 46-30, பின்னால் 11-34 என்றால் 0.88. எண்ணில் அற்ப வித்தியாசம்தான். ஆனால் உங்கள் ஊரிலிருந்து கோத்தகிரிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் ஏற்றம். பையில் துணிமணியும் இருந்தால் முட்டி அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும்.

அப்புறம் பல் இடைவெளி. பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்குதான் கேசட். 11-42 கேசட்டில் 24-க்கு அடுத்து 28, 32, 37, 42 என்று தாவுகிறது. ஒரு கியரில் கால் திணறும், அடுத்ததில் சும்மா சுழலும். 11-34-இல் 21, 23, 25, 27, 30, 34. தினமும் எதிர்காற்றில் வேலைக்குப் போகிறவருக்கு இந்த நெருக்கம் பெரிய நிம்மதி. உங்களுக்கு இரண்டு செயின்ரிங்தான் என் சிபாரிசு.

சேற்றிலும் காட்டுத்தடத்திலும் மட்டுமே ஓட்டுகிறவர் என்றால் ஒற்றையைச் சொல்லியிருப்பேன். சேறு அப்ப, செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் டீரெய்லரே முன்னால் கிடையாது. ஒற்றைச் செயின்ரிங்கின் பற்கள் ஒன்று தடித்தும் அடுத்தது மெலிந்தும் இருப்பதால் செயின் லேசில் கழலாது. 12 கியர் ஜிஆர்எக்ஸில் 10-51 கேசட்டும் உண்டு, 40-உடன் சேர்ந்தால் 0.78. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு மைக்ரோஸ்பிளைன் என்ற தனி வகை ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) வேண்டும், பழைய சக்கரத்தில் ஏறாது.

புதுச் செயின் போட்டதிலிருந்து அழுத்தி மிதித்தால் 'டக்'கென்று வழுக்குகிறது. கடைக்காரர் மட்டமான செயினைத் தலையில் கட்டிவிட்டாரா?
– வாசகர், ஓசூர்

பாவம், அவரை விட்டுவிடுங்கள். பழைய செயின் தேயத் தேய நீண்டு, கேசட் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கிறது. புதுச் செயின் அதில் உட்கார மறுக்கிறது. நீங்கள் அதிகம் ஓட்டும் கியரில் மட்டும் வழுக்கினால் சந்தேகமே வேண்டாம், கேசட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

இனிமேல் மாதம் ஒருமுறை அடிஸ்கேலை எடுங்கள். செயினின் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னின் (ஊசியின்) நடுவில் பூஜ்யத்தை வைத்தால் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். தச்சர் கணக்கில் அரை நூல், அதாவது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, தள்ளியிருந்தால் 11, 12 கியர் வண்டிக்குச் செயின் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அப்போதே மாற்றினால் செலவு செயினோடு போகும். எண்ணெய் விட்டபின் வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். பளபளவென்று ஈரமாக நிற்கும் செயினில் செம்மண் புழுதி ஒட்டி, உப்புத்தாள் வேலை பார்க்கும்.

பின் டீரெய்லரில் ஒரு குட்டி லீவர் இருக்கிறதே, எதற்கு?
– வாசகர், திண்டுக்கல்

அது கிளட்ச். ஆனில் இருந்தால் கரடுமுரடான பாதையில் செயின் துள்ளி ஃபிரேமில் அடிக்காது. சக்கரத்தைக் கழற்றும்போது ஆஃப் செய்யுங்கள், மாட்டியதும் மறக்காமல் ஆன்.