ஒகேனக்கல் விராலும் கிருஷ்ணகிரி அணை விராலும் மரபணுவில் வேறுபடுமா? எதனால்?

வேறுபடும் என்றே எதிர்பார்க்கலாம். ஒகேனக்கல் இருப்பது காவிரியில், கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) இருப்பது தென்பெண்ணையில். இரண்டு ஆறும் தனித்தனியாகக் கடலில் கலக்கின்றன. விரால் கடல்நீர் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாது. கலப்பு நின்றுபோனால் எந்த அலீல் (ஒரே மரபணுவின் மாற்று வடிவம்) தங்கும், எது தொலையும் என்பது இரு பக்கமும் தற்செயலாக நடக்கும். ஒரே ஆற்றின் ஏரிகளுக்குள் கதை வேறு. விரால் காற்றைச் சுவாசிக்கும், மழையில் ஈரத்தரையிலும் ஊர்ந்து போகும். கெண்டைக்கு அது முடியாது.

பலரும் கோட்டை விடுவது எண்ணிக்கையில்தான். வலையில் எத்தனை விழுகிறது என்பது முக்கியமல்ல, எத்தனை மீன் பெற்றோர் ஆகிறது என்பதே கணக்கு. நான்கு தலைமுறையில் ஒவ்வொன்றிலும் ஆயிரம் பெற்றோர்; ஐந்தாவதில் ஏரி வற்றிக் குட்டையில் இருபதுதான் மிஞ்சியது என்று வையுங்கள். சாதாரண சராசரி 804. மரபணு பார்க்கும் இசைச் சராசரியோ (சிறிய எண்ணுக்கே அதிக எடை தருவது) ஏறக்குறைய 93! அடுத்த மழைக்கு ஏரி நிறைய மீன் பெருகினாலும் தொலைந்த அலீல் தானாகத் திரும்பாது. வெளியிலிருந்து மீன் வந்து சேரவேண்டும். தர்மபுரி மாதிரி வறட்சி மாவட்டத்தில் இதுதான் பெரிய விசை.

அருவி ஒருவழிப் பாதை. வெள்ளத்தில் மீன் கீழே இறங்கும், மேலே ஏறுவது அரிது. அதனால் பொதுவாக அருவிக்கு மேலே மரபணு வகை குறைவு, கீழே கூடுதல். அணையும் தடைதான், ஆனால் மேட்டூர் அணைக்கே வயது 1934-இலிருந்துதான். பெரிய கூட்டத்தில் அதன் தடயம் இன்னும் மங்கலாகவே இருக்கும்.

கட்லா, ரோகுவை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடாதீர்கள். அவை இங்கே விடப்பட்ட வடக்கத்தி மீன்கள். அவற்றில் தெரிவது ஆற்றின் வரலாறு அல்ல, குஞ்சு பொரிப்பகத்தில் எத்தனை தாய்மீன் வைத்திருந்தார்கள் என்பது.

மாதிரி எடுப்பதானால் இடத்துக்கு 30 மீனாவது வேண்டும். துடுப்பில் அரை செ.மீ. நறுக்கி 95% எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் திசுவின் நீர் கலந்து டிஎன்ஏ சிதையும். விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும். அந்தக் கூட்டத்தை அப்படியே அள்ளினால் எல்லாம் உடன்பிறப்புகள், இல்லாத வேறுபாடு இருப்பதாகக் காட்டும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய்வழியை மட்டும் சொல்லும், கூடவே 10–15 மைக்ரோசாட்டிலைட் (டிஎன்ஏவில் சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடம்) பாருங்கள். சந்தையில் வாங்கிய விரால் வேண்டாம். அது எந்தப் பண்ணைக் குட்டையிலிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது.