நேர்காணல்களிலிருந்து நான் பெற்ற விளக்கம் வெறும் சொந்தக் கருத்து அல்ல என்று எப்படிக் காட்டுவது?

இருபது நேர்காணல்களை எடுத்து, எழுத்தாக்கி, குறியீடுகளும் (ஒவ்வொரு பேச்சுப் பகுதியின் பொருளையும் சுட்டும் சிறு பெயர்கள்) இட்டு முடித்த பிறகு, "இதெல்லாம் நீங்களாகச் சொல்வதுதானே, ஆதாரம் எங்கே?" என்று வழிகாட்டி கேட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். என் வழிகாட்டியும் என்னிடம் அதையே கேட்டார். அன்று கோபம்தான் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தவறில்லை என்பது என் தரவுகளுக்குத் திரும்பிப் போனபோது புரிந்தது.

என் முனைவர் பட்ட ஆய்வு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவித்த பெண்களின் அனுபவத்தைப் பற்றியது. "கவனிப்பு எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குப் பலரும் சொன்ன விடை "பரவாயில்ல" என்பதுதான். நேர்காணல்களை முதலிலேயே ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்துக்கொண்டதால், அந்தச் சொல் வந்த இடங்களிலெல்லாம் 'திருப்தி' என்று குறியிட்டு, அதன்மேல் 'கவனிப்பில் நிறைவு' என்றொரு கருப்பொருளையே கட்டியிருந்தேன். வேறொரு காரணத்துக்காக ஒலிப்பதிவை மீண்டும் கேட்க நேர்ந்தபோது, ஒரு பெண் நான்கைந்து நொடிகள் பேசாமலிருந்துவிட்டு, "ம்... பரவாயில்ல, போனோம், வந்தோம்" என்று சொல்வது காதில் விழுந்தது. என் எழுத்துப்படியில் அந்த அமைதியும் இல்லை, அந்த 'ம்' என்பதும் இல்லை. 'போனோம், வந்தோம்' என்பதை நலமாக வீடு திரும்பியதாகப் பெயர்த்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்ட தமிழர் எவரும் அதை நிறைவு என்று சொல்லமாட்டார்கள்.

ஆகவே என் முதல் பரிந்துரை, பேசிய மொழியிலேயே குறியிடுங்கள் என்பது. ஆய்வேட்டில் மேற்கோளாக வரும் பகுதிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும். இடைவெளி, சிரிப்பு, பேச்சை மாற்றுதல் ஆகியவற்றையும் எழுத்துப்படியில் குறித்துவையுங்கள்.

அடுத்ததாக, நேர்காணல்களை எங்கே எடுத்தேன் என்பதை வைத்து அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். நிலையத்தின் திண்ணையில் எடுத்தவற்றில் குறை என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. வீட்டில் எடுத்தவற்றில் இருந்தது. என்னை ஊருக்குள் அறிமுகப்படுத்தியவர் கிராம சுகாதார செவிலியர் என்பதால், அவர்கள் கண்ணுக்கு நானும் அரசாங்கத்தைச் சேர்ந்தவளாகவே தெரிந்திருக்கிறேன். பதிவுக் கருவியை அணைத்த பிறகு ஒருவர், "இத எழுதி மேல அனுப்பிருவீங்களாம்மா?" என்று கேட்டது என் குறிப்பேட்டில் மட்டும் கிடந்தது. பதிவில் இல்லாததால் தரவு அல்ல என்று நான் ஒதுக்கிய அந்த ஒரு வரிதான் மற்றவற்றை விளங்கவைத்தது. குழந்தையின் 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகளுக்கு அவர்கள் அதே செவிலியரிடம் போய் நிற்கவேண்டும். அந்த நிலையில் 'பரவாயில்ல' என்பது பாராட்டாக இருப்பதைவிட எச்சரிக்கையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்தப் புதிய விளக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதனாலேயே அதைச் சந்தேகிக்கவேண்டியிருந்தது. அதற்கு எதிரான சான்றுகளை வேண்டுமென்றே தேடினேன். இரண்டாம் பிரசவத்துக்கு வந்த சிலர், வீட்டில் தனியாகப் பேசியபோதும், "போன தடவைக்கு இது பரவாயில்ல" என்றார்கள். அங்கே அச்சம் இல்லை. முன்பைவிட மேல் என்ற உண்மையான ஒப்பீடு இருந்தது. எனவே 'எல்லாரும் அஞ்சினார்கள்' என்று எழுத முடியாமல், யார், எங்கே, எதனோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்து அச்சொல்லின் பொருள் மாறுகிறது என்று எழுதினேன். எதிர் நேர்வுகளைத் தேடும் இந்த வேலைதான் வழிகாட்டியின் கேள்விக்கு மிக நேரான விடை என்று நினைக்கிறேன்.

இத்தகைய ஆய்வுகளின் தரத்தை மதிப்பிட லிங்கன், கூபா என்ற ஆய்வுமுறை அறிஞர்கள் 1985இல் முன்வைத்த நான்கு அளவுகோல்களை, அதாவது நம்பத்தகுந்திருத்தல், பிற சூழல்களுக்குப் பொருந்துதல், சீர்மை, பிறர் சரிபார்க்க இயலுதல் ஆகியவற்றை, நீங்கள் கட்டாயம் குறிப்பிடுவீர்கள். குறிப்பிடுங்கள், ஆனால் நான்கு வரி அட்டவணை போட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே 'செய்யப்பட்டது' என்று எழுதுவதால் ஒன்றும் நிறுவப்படுவதில்லை.

இருவர் தனித்தனியே குறியிட்டு, அவர்களின் குறியீடுகள் எந்த அளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோஹனின் கப்பா மதிப்பைக் கணக்கிடச் சொல்வார்கள். கருப்பொருள் பகுப்பாய்வுக்கு 2006இல் ஒரு முறையை வகுத்துத் தந்த பிரவுனும் கிளார்க்கும் தங்கள் அணுகுமுறைக்கு அது பொருந்தாது என்றே வாதிடுகிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்: என் பழைய குறியீட்டுப் பட்டியலைக் கையில் கொடுத்திருந்தால் இன்னொருவரும் 'திருப்தி' என்றுதான் எழுதியிருப்பார், கப்பா உயர்ந்திருக்கும், பொருள் தவறாகவே இருந்திருக்கும். இரண்டாமவர் எங்கே முரண்படுகிறார் என்பதை உட்கார்ந்து பேசுவதில்தான் பயன் இருக்கிறது.

பங்கேற்பாளர்களிடமே விளக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டுவதை லிங்கனும் கூபாவும் மிக முக்கியமாகக் கருதினார்கள். நானும் சிலரிடம் காட்டினேன். "சரியாத்தான் இருக்கு, பரவாயில்ல" என்றார் ஒருவர்! அந்தச் சொல்லைப் பற்றியே ஓர் இயல் எழுதிவிட்டு அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் "அது பயம் இல்லம்மா, எதுக்கு வம்புன்னுதான்" என்று இன்னொருவர் திருத்தியதால் ஒரு கருப்பொருளின் பெயரே மாறியது. ஒப்புதலைவிடத் திருத்தம்தான் பயன்பட்டது.

இருபது பேர் போதுமா என்ற கேள்விக்குக் கெஸ்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2006இல் எழுதிய கட்டுரையைக் காட்டி 12 போதும் என்று பலர் எழுதுகிறார்கள். அது கானாவிலும் நைஜீரியாவிலும் எடுத்த 60 நேர்காணல்களிலிருந்து, ஓரளவு ஒரே தன்மையுள்ள குழுவுக்குச் சொன்னது. எல்லா ஆய்வுக்கும் விதி அல்ல.

வழிகாட்டியிடம் அடுத்த முறை போகும்போது மொத்த ஆய்வேட்டையும் கொண்டுபோகவேண்டாம். ஒரே ஒரு கருப்பொருளை எடுத்து, அதற்கு அடிப்படையான பேச்சுப் பகுதிகள், நீங்கள் முதலில் இட்ட குறியீடு, அதை எந்தத் தேதியில் ஏன் மாற்றினீர்கள் என்ற குறிப்பு, அதற்குள் அடங்காத நேர்காணல்கள் ஆகியவற்றை இரண்டு பக்கத்தில் கொடுங்கள். நான் அப்படிக் கொடுத்தபோது அவர் முதலில் படித்தது அடங்காத நேர்காணல்களைத்தான்.