அயர்லாந்தில் கவுன்சில் திட்டத்தில் வீடு வாங்கலாமா?

டப்ளினில் இருக்கிறோம், இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 81,000 யூரோ சம்பளம், ஒரு குழந்தை, மதுரையில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. கவுன்சிலின் (இங்குள்ள உள்ளாட்சி அமைப்பின்) மலிவு விலைத் திட்டத்தில் வீடு வாங்கலாமா, அதில் கவுன்சிலுக்கு ஒரு பங்கு உண்டு என்கிறார்களே, அது கடனா மானியமா? இதுதானே உங்கள் கேள்வி.

உங்கள் மதுரை ஃபிளாட் குறுக்கே வராவிட்டால் வாங்கலாம். நாங்கள் வாங்கினோம், இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஆனால் கடனா மானியமா என்ற கேள்விக்கு இரண்டுமே பதில் இல்லை. அது புரியாமல் கையெழுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தத் திட்டம் 2021இல் வந்த மலிவு வீட்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அடுத்த ஆண்டே டப்ளினுக்கு வடக்கே லஸ்க் என்ற ஊரில் ஃபிங்கல் கவுன்சில் சில வீடுகளை இப்படி விற்றது. நான் முதன்முதலில் கேள்விப்பட்டது அதைப் பற்றித்தான். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் சொன்னபோது, கவுன்சில் வீடு என்றால் வருமானமே இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் வாடகை வீடு என்று நினைத்து நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சம்பளம் இருந்தும் சந்தை விலைக்கு வாங்க எட்டாதவர்களுக்கான திட்டம் இது.

இப்போது பங்குக் கணக்கு. எங்கள் கணக்கையே சொல்கிறேன், புரிந்துகொள்ள எளிதாக இருக்கும். வீட்டின் சந்தை மதிப்பு 4,00,000 யூரோ. என் மனைவி நர்ஸ், நான் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன், இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 72,000. இங்கே முதல் வீடு வாங்குபவருக்கு வங்கி சம்பளத்தைப் போல 4 மடங்கு வரை கடன் தரலாம், அதாவது 2,88,000. அது விலையில் 90 சதவீதம் என்று வைத்து, மீதி 10 சதவீதத்தை முன்பணமாகச் சேர்த்தால் 3,20,000. ஆக, எங்களால் தர முடிந்தது 3,20,000. சந்தை மதிப்புக்கும் அதற்கும் இடையே உள்ள 80,000 யூரோவைக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. அது வீட்டின் மதிப்பில் 20 சதவீதம்.

இந்த 20 சதவீதத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலுக்கு நாங்கள் தர வேண்டியது 80,000 யூரோ கிடையாது, வீட்டு மதிப்பில் 20 சதவீதம். நாளைக்கு வீடு 5,00,000 ஆனால் அந்தப் பங்கு 1,00,000. விலை இறங்கினால் பங்கும் இறங்கும். இதற்கு வட்டி இல்லை, மாதத் தவணை இல்லை, வாடகையும் இல்லை. முடிந்தபோது பணம் கட்டிப் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு தடவைக்குக் குறைந்தது 10,000 கட்ட வேண்டும். மதிப்பு 4,00,000ஆக இருக்கும்போது 10,000 கட்டினால் 2.5 சதவீதம் நம் பக்கம் வரும். அதே 10,000ஐ மதிப்பு 5,00,000 ஆன பிறகு கட்டினால் 2 சதவீதம்தான் வரும். 40 ஆண்டு வரை கட்டாமலே இருக்கலாம், அதற்குப் பிறகு கவுன்சில் கேட்கலாம். நடுவில் விற்றால் விற்கும்போதே அவர்கள் பங்கைக் கொடுத்துவிட வேண்டும்.

ஊரில் என் அப்பாவிடம் இதை விளக்கப் பட்டபாடு கொஞ்சமில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "பத்திரம் யார் பேர்லப்பா?" பத்திரம் முழுக்க எங்கள் இருவர் பெயரில்தான். ஆனால் நிலப் பதிவேட்டில் கவுன்சிலின் உரிமை ஏறியிருக்கும். "அப்போ வில்லங்கம் போட்டுப் பார்த்தா கவுன்சில் பேரு வரும், அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான். நான் பத்து நிமிடம் பேசியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

உங்கள் 81,000க்கு இதே 4,00,000 மதிப்புள்ள வீட்டைப் பார்த்தால், கடன் 3,24,000, முன்பணம் 36,000, விலை 3,60,000. கவுன்சில் பங்கு 10 சதவீதம். சம்பளம் கூடக் கூட சலுகை குறையும், ஒரு கட்டத்துக்கு மேல் கதவே மூடிவிடும். வீட்டு மதிப்பில் 85.5 சதவீதத்தை எடுத்து நாலால் வகுங்கள். 4,00,000 வீட்டுக்கு அது 85,500. உங்கள் சம்பளம் அதைத் தாண்டினால் பொதுவாகத் தகுதி கிடையாது. நீங்கள் ஓரத்தில்தான் நிற்கிறீர்கள். ஒரு சம்பள உயர்வு வந்தால் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் குறைந்தபட்ச விலை ஒன்றும் இருக்கும், அதைக் கட்டும் அளவுக்கும் வருமானம் வேண்டும். உங்களுக்கு அந்தப் பக்கம் பிரச்சினை வராது.

ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன், எங்களுக்கு இது வலித்தது. கவுன்சில் கடந்த 12 மாத மொத்த வருமானத்தைப் பார்க்கிறது, ஓவர்டைம் உட்பட. எங்கள் வங்கி என் மனைவியின் ஓவர்டைமை முழுதாகக் கணக்கில் எடுக்கவில்லை. கவுன்சில் கணக்குப்படி 2,88,000 கடன் வர வேண்டும், வங்கி தந்தது 2,80,000. அந்த 8,000க்கு எங்கள் சேமிப்பில்தான் கை வைத்தோம். அவள் இரண்டு குளிர்காலம் கூடுதல் நைட் ட்யூட்டி பார்த்துச் சேர்த்த பணம் அது. தவிர, எல்லா வங்கியும் இந்தத் திட்டத்துக்குக் கடன் தருவதில்லை. முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து உங்கள் மதுரை ஃபிளாட். இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. புது வீடு வாங்குபவர்களுக்கு இங்கே 'ஹெல்ப் டு பை' என்று ஒன்று உண்டு. கடந்த 4 ஆண்டுகளில் நாம் கட்டிய வருமான வரியிலிருந்து 30,000 யூரோ வரை, விலையில் 10 சதவீதத்துக்கு மிகாமல் திருப்பித் தருவார்கள். கவுன்சில் திட்டத்தோடு சேர்த்தே இதை வாங்கிக்கொள்ளலாம். எங்கள் முன்பணம் 32,000, அதில் 30,000 இதிலிருந்து வந்தது. இது இல்லையென்றால் நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருந்திருப்போம், மாதம் 1,900 கட்டிக்கொண்டு.

ஆனால் இதற்கு முதல்முறை வாங்குபவராக இருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கியதும் கணக்கில் வரும். கணவன் மனைவி இருவர் பெயரில் வாங்கினால் இருவருமே முதல்முறையாக இருக்க வேண்டும். அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த வீடு, தானமாக எழுதி வைத்த வீடு என்றால் தடை இல்லை. நம் ஆட்கள் நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வந்த புதிதில் பணம் அனுப்பி சென்னையிலோ கோவையிலோ ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டிருப்பார்கள், வங்கிக் கடனுக்காக மனைவி பெயரையும் சேர்த்திருப்பார்கள். எங்கள் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் 30,000 போனது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான்.

விண்ணப்பம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கவுன்சில் ஒரு நாளை அறிவிக்கும். அன்றைக்குப் பகல் 12 மணிக்கு போர்ட்டல் திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகள், 70 சதவீதம், முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்கு. மீதி 30 சதவீதம் பொதுவாக அந்தக் கவுன்சில் எல்லைக்குள் குறைந்தது 5 ஆண்டு இருந்தவர்களுக்கு. வீட்டுக்கு ஏற்ற ஆள் எண்ணிக்கையும் பார்ப்பார்கள். நீங்கள் மூன்று பேர், மூன்று படுக்கையறை வீட்டுக்குத் தாராளமாகப் போடலாம்.

முதல்முறை நாங்கள் கோட்டை விட்டோம். மனைவி நைட் ட்யூட்டி முடித்து வந்து, தூங்காமல், கோட்டுகூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தாள். 12 மணிக்கு உள்ளே போய்விட்டோம். சம்பளச் சீட்டுகளை எல்லாம் நான் ஃபோனில் படம் பிடித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் பெரிய ஃபைல், ஏறவே இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைச் சுருக்கி, மறுபடி ஏற்றி, அனுப்பி முடித்தபோது 12:23. உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்த நேரம் இது என்று மின்னஞ்சல் வந்தது. ஆறு வாரம் கழித்து வீடுகள் தீர்ந்துவிட்டன என்று கடிதம். அந்த 23 நிமிடத்தை நினைத்து நான் பல ராத்திரி தூங்கவில்லை.

அடுத்த அறிவிப்பு பக்கத்துக் கவுன்சிலில் வந்தது. இந்தத் தடவை ஒரு மாதம் முன்பே தயார். வங்கியின் முன் ஒப்புதல் கடிதம், ஹெல்ப் டு பை ஒப்புதல், முதலாளி கையெழுத்திட்ட சம்பளச் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு, ஐ.ஆர்.பி. அட்டை (வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டை), குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், எல்லாம் முறையான பி.டி.எஃப். போர்ட்டல் கேட்கும் வரிசைப்படி 1, 2, 3 என்று பெயரிட்டு ஒரே கோப்புறையில் வைத்தோம். நான் லீவு போட்டேன். 12:04க்கு முடிந்தது. வங்கி ஒப்புதல் கடிதம் சில மாதங்களில் காலாவதியாகும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே தங்கும் உரிமைக்கும் ஆதாரம் கேட்பார்கள். எங்களிடம் ஸ்டாம்ப் 4 (தனி வேலை அனுமதி இல்லாமலே இங்கே தங்கி வேலை பார்க்கும் உரிமை) இருந்தது, சிக்கல் வரவில்லை. நீங்கள் இன்னும் வேலை அனுமதியில் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை நாம் தேர்ந்தெடுப்பது கிடையாது, அவர்கள் ஒதுக்குவதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அம்மா வீடியோ காலில் வாசல் எந்தத் திசை என்று கேட்டார். மேற்கு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாயங்கால வெயில் நல்லா வரும்" என்றார். உண்மைதான், இந்த ஊரில் அது பெரிய வரம்.

சொலிசிட்டர் (வழக்கறிஞர்) கட்டணம், முத்திரைத் தீர்வை (வாட் நீங்கலான விலையில் 1 சதவீதம்), வீட்டைச் சோதிக்க ஆள், இதற்கெல்லாம் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்க ஆள் கண்டிப்பாக வேண்டும். எங்கள் வீட்டைச் சோதிக்க வந்த பெண்மணி ஒரு சுருள் நீல டேப்போடு வந்தார், குறை கண்ட இடத்தில் எல்லாம் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டே போனார். 41 துண்டு. பூச்சில் பிசிறு, சரியாக மூடாத ஜன்னல், மாடிக் குளியலறையில் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடும் தளம். எங்கள் கண்ணுக்கு அதில் பாதிகூடத் தெரிந்திருக்காது. சாவி வாங்குவதற்கு முன்பே அத்தனையும் சரிசெய்து தந்தார்கள்.

அப்புறம், இங்கே புது வீடு என்றால் தரை போட்டிருக்காது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கீழே வெறும் சிமெண்ட், மாடியில் பலகை. திரைச்சீலை இல்லை, கம்பி இல்லை, விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு ஒயரும் பல்பும். குறைந்தது சில ஆயிரம் யூரோ அதற்கே போகும். பால் காய்ச்சிய அன்று பக்கத்து வீட்டுக் கேரளக் குடும்பம் கொடுத்த எலக்ட்ரிக் அடுப்பில், சிமெண்ட் தரையில் பாய் விரித்துக் காய்ச்சினோம். மகள் தன் சைக்கிளை ஹாலுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று அவளை யாரும் அடக்க வேண்டியிருக்கவில்லை. மாடிக் குடியிருப்பில் ஐந்து வருடமாக அதைச் சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்திருந்தோம்.

ஒரு கட்டுப்பாட்டைச் சொல்ல விட்டுவிட்டேன். இந்த வீட்டில் நீங்களே குடியிருக்க வேண்டும். கவுன்சில் சம்மதம் இல்லாமல் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊருக்கோ இந்தியாவுக்கோ போய்விட முடியாது. இரண்டு மூன்று வருடத்தில் இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால் இது உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

அந்த 20 சதவீதத்துக்குத் தனியாக ஒரு கணக்கு தொடங்கி மாதம் 250 போடுகிறோம். 10,000 சேர 40 மாதம் ஆகும். அதற்குள் வீட்டு மதிப்பு ஏறினால் அந்தப் பத்தாயிரத்துக்குக் கிடைக்கும் பங்கு குறையும், தெரிந்துதான் போடுகிறோம். 40 ஆண்டு முடியும்போது எனக்கு 78 வயதாகியிருக்கும், அந்த வயதில் அதை மகள் தலையில் வைக்க எனக்கு மனமில்லை.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, மதுரைக்குப் ஃபோன் போட்டு அந்த ஃபிளாட் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது. யார் பெயரில் இருக்கிறது, விலை கொடுத்து வாங்கியதா, தானமாக எழுதியதா என்று பார்த்துவிட்டு இங்கே கருத்தில் எழுதுங்கள். அதை வைத்து மீதிக் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.