பில்லில் ‘ரூபி’, மோதிரத்தில் செயற்கைக் கல்: பாரிஸ் கடைக்காரரிடம் பணம் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. பாரிஸ் புறநகரில் குடும்பத்தோடு இருக்கிறேன். 2022 மார்ச்சில் பழைய நகை விற்கும் ஒரு கடையில் என் மனைவிக்காக 6,800 யூரோவுக்கு ஒரு காக்டெயில் மோதிரம் (பெரிதாக, எடுப்பாகத் தெரியும் மோதிரம்) வாங்கினேன். பில்லில் ‘பாக் கொக்டெய்ல், எப்போக் 1940, ஓர் 18 கரா, ரூபி எ தியாமான்’ (காக்டெயில் மோதிரம், 1940 காலத்தது, 18 காரட் தங்கம், மாணிக்கமும் வைரமும்) என்று எழுதியிருக்கிறது. 2025 மே மாதம் காப்புறுதிக்காக மதிப்பிடக் கொடுத்தபோது, சிவப்புக் கற்கள் எல்லாமே செயற்கை மாணிக்கம் என்று இரத்தினப் பரிசோதகர் எழுத்தில் தந்துவிட்டார். கடைக்காரரோ, “அந்தக் காலத்தில் அப்படித்தான் கல் வைத்தார்கள். அதோடு இரண்டு வருட உத்தரவாதமும் முடிந்துவிட்டது” என்கிறார். எனக்கு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. கடைக்காரர் சொன்ன இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டில் எதுவும் அவரைக் காப்பாற்றாது.

முதலில் கல்லைப் பார்ப்போம். தீச்சுடரில் அலுமினாத் தூளை உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை ஒகுஸ்த் வெர்னெய் பாரிஸில் 1902இல் அறிவித்தார். 1940களின் கனத்த தங்க மோதிரங்களில், ஒரே அளவுக்கு வெட்டி வரிசையாகப் பதித்த சிவப்புக் கற்கள் பல இந்த வகைதான். எனவே உங்கள் மோதிரம் அசல் 1940கள் மோதிரமாகவே இருக்கலாம். போலி மோதிரம் என்று கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். காலம் சரியென்று அவர் நிரூபித்துவிட்டால் உங்கள் மற்ற வாதமும் பலவீனமாகத் தெரியும். உங்கள் குறை ஒன்றே ஒன்று: பில்லில் வெறும் ‘ரூபி’ என்று இருக்கிறது.

இரத்தின வணிகத்துக்கான 14 ஜனவரி 2002 ஆணையின்படி, செயற்கைக் கல்லின் பெயரோடு ‘சேந்தெத்திக்’ (செயற்கை) என்ற சொல்லும் சேர்ந்து வர வேண்டும். அடைமொழி இல்லாத ‘ரூபி’ இயற்கைக் கல்லையே குறிக்கும். பழைய பொருளுக்கு விதிவிலக்கு உண்டு என்று அவர் சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

இதோடு 3 மார்ச் 1981 ஆணையும் இருக்கிறது. ‘தெக்ரே மார்க்குஸ்’ (மார்க்குஸ் ஆணை) என்றால் பழம்பொருள் வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். அதன்படி ‘எப்போக் 1940’ என்று எழுதினால் அந்தக் காலத்தில் செய்தது என்று விற்பவர் உறுதியளித்ததாகப் பொருள். ‘ஸ்தில் 1940’ (1940 பாணி) என்று எழுதினால் எந்த உறுதியும் இல்லை. வாங்குபவர் கேட்டால், பொருளின் தன்மை, சேர்மானம், மூலம், பழமை பற்றித் தான் சொன்னதையெல்லாம் பில்லில் எழுதித் தரவும் விற்பவர் கடமைப்பட்டவர். உங்கள் கையில் அது ஏற்கெனவே இருப்பது பெரிய பலம்.

இனி கால வரம்பு. நுகர்வோர் சட்டத்தின் பொருத்த உத்தரவாதம் (விற்றது சொன்னபடியே இருக்கும் என்ற உத்தரவாதம்) பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. உங்களுக்கு அது 2024 மார்ச்சில் முடிந்தது. ஆனால் குடியியல் சட்டம் 1132ஆம் பிரிவின்படி, பொருளின் முக்கியப் பண்பில் பிழையாக நம்பி வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம். அதற்கான ஐந்து ஆண்டு, பிழை தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். வாங்கிய நாளிலிருந்து 20 ஆண்டு என்பது வெளி எல்லை. உங்களுக்குப் பிழை தெரிந்தது 2025 மே. ஆக 2030 மே வரை நேரம் இருக்கிறது. ரத்தானால் நீங்கள் மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவர் 6,800 யூரோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கல் செயற்கை என்று தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் அது 1137ஆம் பிரிவின் ஏமாற்று. நட்ட ஈடும் கேட்கலாம். ஆனால் அவர் மனதில் இருந்ததை நிரூபிப்பது கடினம். 1132ஐ முதல் வாதமாகவும் இதை இரண்டாவதாகவும் வையுங்கள்.

உங்கள் வழக்கின் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. “நான் விற்ற கற்கள் இவை இல்லை, பிறகு மாற்றியிருக்கிறார்கள்” என்று அவர் சொல்லலாம். அதனால் கல்லைக் கழற்றிச் சோதிக்க யாருக்கும் அனுமதி தராதீர்கள். மோதிரத்தின் அளவை மாற்றவோ மெருகேற்றவோ வேண்டாம். ஏற்கெனவே அளவு மாற்றியிருந்தால் அந்தப் பொற்கொல்லரின் ரசீதைத் தேடி எடுங்கள். வாங்கிய அன்று எடுத்த படங்கள், கடையின் விளம்பரப் படம், கற்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பதித்த நிலையிலேயே பத்து மடங்கு லென்ஸில் கல்லுக்குள் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் வாயுக் குமிழிகளும் தெரிந்தால், அதைப் படத்தோடு அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். இயற்கை மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவோ கோணமாகவோ இருக்கும், வளையாது. கல்லைச் சுற்றியுள்ள தங்க விளிம்பில் புதிதாகத் திறந்து மூடிய கருவித் தடம் இல்லை என்பதும் அறிக்கையில் வரட்டும். இந்த ஒரு வரி மிகவும் உதவும்.

தங்கத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கழுகுத்தலை முத்திரை 18 காரட்டை உறுதிசெய்யும். 1838 முதல் வழக்கில் இருப்பதால் அது காலத்தைச் சொல்லாது, கல்லைப் பற்றியும் எதுவும் சொல்லாது. பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் செய்தவர் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். ஆந்தை முத்திரை இருந்தால் வெளியிலிருந்து வந்தது அல்லது மூலம் தெரியாதது என்று பொருள். சிப்பி முத்திரை என்றால் 14 காரட்தான். அப்போது பில்லில் இரண்டாவது பொய்யும் இருக்கிறது.

நீங்கள் தனியாக எடுத்த பரிசோதனை அறிக்கையை மட்டும் நம்பி நீதிபதி தீர்ப்பளிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமான கசாசியோன் 28 செப்டம்பர் 2012இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே பாரிஸில் உள்ள பிரெஞ்சு இரத்தினவியல் ஆய்வகத்தில் இரண்டாவது அறிக்கை எடுங்கள். அந்தச் சோதனைக்குக் கடைக்காரரை எழுத்தில் அழையுங்கள். அவர் வரவில்லை என்றாலும் அழைத்த கடிதம் உங்களிடம் இருக்கும். அவர் முடிவை மறுத்தால், குடியியல் நடைமுறைச் சட்டம் 145ஆம் பிரிவின்படி வழக்குக்கு முன்பே நீதிமன்ற நிபுணரை நியமிக்கக் கேட்கலாம். ஆனால் அதற்கான முன்பணம் கேட்பவர் தலையில்தான் விழும். 6,800 யூரோ வழக்கில் அதைக் கடைசிக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பில்லின் வாசகத்தை அப்படியே எழுதி, 1132ஐயும் 2002 ஆணையையும் குறிப்பிட்டு, மோதிரத்தைத் திருப்பித் தரத் தயார் என்று சொல்லி, 15 நாள் கெடு வையுங்கள். விற்றவர் நல்லெண்ணத்தோடு பணம் பெற்றிருந்தாலும், நீங்கள் கேட்ட நாளிலிருந்து வட்டி ஓடும். பதில் இல்லையென்றால் கடை சேர்ந்திருக்கும் நுகர்வோர் மத்தியஸ்தரிடம் போங்கள். உங்களுக்குச் செலவில்லை, ஆனால் உங்கள் எழுத்து முறைப்பாட்டிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் நீதிமன்றம். 10,000 யூரோவுக்கு உட்பட்ட தொகை என்பதால் வழக்கறிஞர் கட்டாயமில்லை. 5,000ஐத் தாண்டுவதால் வெறும் விண்ணப்பம் போதாது, கொமிசேர் த ஜுஸ்தீஸ் (நீதிமன்ற ஆவணங்களை நேரில் சேர்ப்பிக்கும் சட்ட அலுவலர்) மூலம் அழைப்பாணை கொடுக்க வேண்டும். நுகர்வோர் என்ற முறையில், வாங்கியபோது நீங்கள் குடியிருந்த இடத்து நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். கடை இருக்கும் வட்டாரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

பாதிப் பணம் தருகிறேன், மோதிரத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் பேரம் பேச வந்தால் உடனே மறுக்க வேண்டாம். செயற்கைக் கல் பதித்த அசல் 1940கள் மோதிரத்துக்கும் தங்கம், வைரம், வேலைப்பாடு என்று விலை உண்டு. உங்கள் மனைவிக்கு அது பிடித்திருந்தால், இப்போதைய நிலையில் அதன் மதிப்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அந்தத் தொகைக்கும் 6,800க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். பணம் உங்கள் கணக்கில் சேரும் வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.