முழுக்கக் கறுப்பாக்கிய பழைய லூகர் கைத்துப்பாக்கிக்கு அசல் நிறம் திரும்புமா?

கீழக்கரை வீட்டில் தாத்தா காலத்து லூகர் இருக்கிறது, உரிமமும் உண்டு, ஆனால் யாரோ புதுப்பிக்கிறேன் என்று ஒரே கறுப்பாக்கிவிட்டார்கள், பழைய நிறத்தை மீட்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறம் திரும்பும். விளிம்புகள் திரும்பாது. முதலில் எழுத்து முத்திரைகளைப் பாருங்கள். ஓரம் மழுங்கியிருந்தால், மெருகுச் சக்கரத்தில் இரும்பையே தேய்த்துவிட்டார்கள் என்று பொருள். அதன்மேல் எந்தப் பூச்சும் அசலாகத் தெரியாது.

1930களின் நடுப்பகுதி வரை வந்த லூகர்களில் உடல் துருநீலம் என்னும் கருநீலப் பூச்சு: மெல்லத் துருவேற்றி, கொதிநீரில் இட்டு, துலக்கி, மறுபடியும் துருவேற்றுவார்கள். விசை, பாதுகாப்பு நெம்புகோல் போன்ற சிறு பாகங்கள் மட்டும் வைக்கோல் நிறம். அது சாயமல்ல. மெருகேற்றிய எஃகைச் சுமார் 230 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் படியும் மெல்லிய ஆக்சைடு ஏடு. சற்றுத் தாண்டினால் ஊதா, 300ஐ நெருங்கினால் நீலம். சூடு எஃகின் கடினத்தையும் மாற்றும் என்பதால் இதை வீட்டு அடுப்பில் முயல வேண்டாம்; பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள். மங்கிய எண்களை மறுபடி வெட்டச் சொல்லாதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அடையாளக் குறிகளை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம்.

நம் கடற்கரையில் உப்புக்காற்று கதவுக் கீலையே தின்றுவிடுகிறது. அந்த மெல்லிய ஏடு எம்மாத்திரம்? தோலுறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தொட்டால் கைவியர்வையைத் துடைத்து, லேசாக எண்ணெய் பூசுங்கள்.