'பெரெனியல்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?

உயர்தர வகுப்பில் (ஏ/எல்) விவசாய விஞ்ஞானம் எடுத்திருப்பீர்கள் போல. 'பல்லாண்டுத் தாவரம்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் செடி பெரெனியல். போஞ்சி ஒரு போகத்தோடு சரி, அது ஆனுவல். கரட்டைப் பிடுங்காமல் விட்டால் மறுவருஷம்தான் பூக்கும், அது பயெனியல்.

நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வெளிநாட்டவருக்குச் சுற்றிக்காட்டும் வேலை பார்த்தேன். "தேயிலையை வருஷாவருஷம் நடுவீர்களா?" என்று ஓர் அம்மா கேட்க, கொழும்பிலிருந்து கூட வந்த வழிகாட்டி "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லை மேடம், பெரெனியல்" என்று சொல்லி, பக்கத்து மலையில் விதையிலிருந்து வளர்ந்த ஒரு பழைய தேயிலையின் கிளைகளை விலக்கிக் காட்டினேன். மேலே இடுப்பளவில் தளிர். அடியில் பாசி பிடித்து, தொடைப் பருமனில் முண்டும் முடிச்சுமாக மரம். ஒவ்வொரு முடிச்சும் ஒரு கவ்வாத்து வெட்டிய தழும்பு. மூன்று நான்கு வருஷத்துக்கொரு தடவை மொட்டையடித்தும் துளிர்க்கிறது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை தேயிலை நட்டது 1867இல். வெள்ளைக்காரன் காலத்துச் செடிகளில் இன்னமும் கொழுந்து பறிக்கிறோம். வழிகாட்டி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அது அவர் பாடு.

"தேயிலை மரமாச்சே" என்று யாராவது கிளம்புவீர்கள். தாவரவியலில் மரமும் பெரெனியல்தான். பூந்தோட்டக்காரர்கள்தான் அந்தப் பெயரைப் பூச்செடிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வருஷம் முழுக்க வற்றாத ஓடைக்கும் இதே சொல். ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் தொல்லைக்கும் இதுதான்: 'பெரெனியல் ப்ராப்ளம்'. இதை 'பெர்மனன்ட்' என்பதோடு குழப்பாதீர்கள். இடையில் ஓய்ந்துவிட்டு மறுபடி வந்தாலும் பெரெனியல்தான். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகுவதைப் போல. வெயிலில் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

பெர்மனன்ட் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மலையகத் தமிழரான எங்களிடம் 1948இல் பறித்த குடியுரிமை, மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல் சட்டமாக வந்தது. சரி, சந்தோஷம். ஆனால் விண்ணப்பத்தில் 'நிரந்தர முகவரி' கேட்டால் நான் எதை எழுத? லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் அங்கேயே கிடந்து, தேதி முடிந்த பிறகு கைக்கு வந்தது. இப்போதெல்லாம் டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவின் முகவரியைத்தான் கொடுக்கிறேன்.

அப்புறம், உச்சரிக்கும்போது அழுத்தம் 'ரெ'யில். எழுதும்போது 'என்' இரண்டு.