முற்றத்தில் நிற்கும் வேனுக்குச் சங்கிலி போடலாமா?

கேள்வி: நுவரெலியா டவுனில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை உரிமையாளருக்காகப் பார்த்துக்கொள்கிறேன். அவர் கொழும்பில் இருக்கிறார். கீழே ஒரு பார்மசி, ஒரு பல் வைத்தியர். மேலே நான்கு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. முற்றத்தில் எட்டு வாகனம் நிறுத்தலாம். ஏப்ரல் சீசன் வந்தால் வெளியூர் வேன்காரர்கள் யாரையும் கேட்காமல் உள்ளே விட்டுவிட்டு கிரகரி லேக் பக்கம் போய்விடுகிறார்கள். பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்காரரும் தன்னிடம் வருகிறவர்களை எங்கள் முற்றத்துக்குத்தான் அனுப்புகிறார். போன சீசனில் மேல் மாடியில் இருக்கும் அம்மா ஒருவருக்கு இரவில் மூச்சுத் திணறல் வந்துவிட்டது. கேட்டுக்குக் குறுக்கே வேன் நின்றதால், மகன் அவரை மெயின் ரோட் வரை தூக்கிக்கொண்டு போய்த்தான் திரீவீலரில் ஏற்றினார். இனிமேல் இப்படி நிற்கும் வாகனத்துக்கு வாச்சரை விட்டுச் சங்கிலி போடு, 5,000 ரூபா வாங்கிக்கொண்டு விடு என்கிறார் உரிமையாளர். லண்டனில் இருக்கும் என் மச்சானும் அங்கே அப்படித்தான் செய்வார்கள் என்கிறார். பிரேக்டவுன் லொறி வைத்திருக்கும் ஒருவர், கூப்பிட்டால் வந்து இழுத்துக்கொண்டுபோய்த் தன் யார்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா, அம்மா?

பதில்: சங்கிலியும் வேண்டாம், லொறியும் வேண்டாம். உரிமையாளர் வற்புறுத்தினால் இந்தப் பதிலை அப்படியே அவருக்குக் காட்டுங்கள்.

முற்றம் உங்கள் உரிமையாளருடையது. அதற்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அவர் சார்பில் உங்களுக்கும் உண்டு. ஆனால் அங்கே நிற்கிற வேன் வேறொருவருடைய சொத்து. அனுமதி இல்லாமல் உங்கள் காணிக்குள் வந்துவிட்டது என்பதற்காக அந்த வேனின் மீது உங்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. அதைப் பணயமாகப் பிடித்து வைக்கவோ, அபராதம் போடவோ முடியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், தனியார் இடத்தில் நிற்கும் வாகனத்தை எப்படி இழுத்துச் செல்லலாம், எப்படிப்பட்ட பலகை வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் தனிச் சட்டமே இருக்கிறது. நம் நாட்டில் தனியாருக்கு அப்படியோர் அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கவில்லை. உங்கள் மச்சான் சொல்வது பழைய கதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் காணியில் நிற்கும் வாகனத்துக்குச் சட்ட அதிகாரமின்றிப் பூட்டுப் போடுவது 2012 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து குற்றம். ஸ்கொட்லாந்தில் 1992இலேயே நீதிமன்றம் அதை முடித்துவைத்துவிட்டது.

சங்கிலி போட்டால் என்ன நடக்கும்? தண்டனைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பிறர் பொருளை உடைத்தால் மட்டும்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். நட்டம் உண்டாக்கும் எண்ணத்தோடோ, உண்டாகும் என்று தெரிந்தோ ஒரு பொருளை மாற்றி, அல்லது அது இருக்கும் நிலையை மாற்றி, அதன் பயனைக் குறைத்தாலும் அந்தப் பிரிவு பொருந்தும். டயரில் காற்றை இறக்கிவிடுவதும் இதில்தான் வரும். 5,000 ரூபா கொடுத்தால்தான் சங்கிலியைக் கழற்றுவேன் என்று சொன்னீர்களானால், கப்பம் பற்றிய 372ஆம் பிரிவின் கீழும் ஒரு முறைப்பாடு கிளம்ப இடமுண்டு. வேன்காரர் குடும்பத்தோடு உள்ளே இருக்கும்போது கேட்டை இழுத்துப் பூட்டி, பணம் வைத்துவிட்டுப் போ என்றால், ஆட்களைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்த குற்றமும், அதாவது 330, 331ஆம் பிரிவுகளும் சேர்ந்துகொள்ளும். எல்லா வழக்கிலும் இவை நிரூபிக்கப்படும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முறைப்பாட்டாளராகப் பொலிஸுக்குப் போக வேண்டிய நீங்கள் எதிரியாக அங்கே உட்கார்ந்திருப்பீர்கள்.

உங்கள் வாச்சரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சங்கிலியைப் பூட்டியது அவருடைய கை. பொலிஸ் புத்தகத்தில் முதலில் ஏறுவது அவர் பெயர். கொழும்பில் இருக்கும் உரிமையாளருக்குச் சட்டத்தரணி பிடிக்க வசதி இருக்கும். தோட்டத்து லயத்திலிருந்து வந்து மாதச் சம்பளத்துக்கு நிற்கிற பையனுக்குப் பொலிஸ் பதிவு ஒன்று விழுந்தால், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது அதுவே முன்னால் வந்து நிற்கும். மேலிடம் சொல்லித்தான் செய்தேன் என்பது குற்ற வழக்கில் அவரைக் காப்பாற்றாது. இத்தனைக்கும் நட்டஈட்டு வழக்கில், வேலைக்காரர் வேலையின்போது செய்ததற்கு எஜமானும் பொறுப்பு என்பது நம் ரோமன்-டச்சுச் சட்டம். ஆக, உரிமையாளரும் தப்பமாட்டார். செக்கியூரிட்டி நிறுவனத்திலிருந்து ஆள் எடுத்தாலும் இதே கதைதான். 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்த நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்துவிட்டால் அவர்களுடைய ஆட்களுக்குப் பொலிஸ் அதிகாரம் வந்துவிடாது.

லொறி விஷயம் இதைவிட மோசம். நம் பக்கத்தில் சமதளமான முற்றம் எத்தனை இருக்கிறது? சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டுவிட்டுப் போன வேனைக் கொக்கி போட்டு இழுத்தால் கியர் பொக்ஸ் போகலாம். மழைத் தரையில் வழுக்கிக் கீழ் மதிலில் இடிக்கலாம். ஓட்டோமெட்டிக்கும் ஹைபிரிட்டும் இழுக்கும் முறை தெரியாமல் இழுத்தாலே கெட்டுப்போகும். அந்தச் செலவை வாகனக்காரர் உங்களிடம் கேட்டு வழக்குப் போட அவருக்கு இரண்டு வருட காலம் இருக்கிறது. வாகனம் லீசிங்கில் இருந்தால், பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று நிதிக் கம்பனியின் பெயர் இருக்கும். அவர்களும் வந்து கேட்பார்கள். லொறிக்காரர் தன் யார்டில் பூட்டி வைத்துப் பணம் கேட்டால், அது திருட்டு என்று முறைப்பாடு போகவும் வழி இருக்கிறது. லொறிக்காரருக்கு அன்றைய கூலி கிடைத்துவிடும். வழக்கு உங்களுக்கு.

அப்படியானால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று கேட்பீர்கள். இல்லை. உங்கள் கையில் இருக்கும் பலம் 427ஆம் பிரிவு, குற்றவியல் அத்துமீறல். அதைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் தெரியாமல் உங்கள் முற்றத்தில் வாகனத்தை விட்டார் என்பது மட்டும் குற்றமாகாது. குற்றம் செய்யவோ, அந்த இடத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ எண்ணி நுழைந்திருக்க வேண்டும். அல்லது முறையாக நுழைந்தவர் அப்படியோர் எண்ணத்தோடு சட்டவிரோதமாக அங்கேயே நின்றிருக்க வேண்டும். எண்ணம் என்பது மனதுக்குள் இருப்பது. அதை எப்படிக் காட்டுவது? அவருக்குத் தெரியும்படி சொன்னோம், எடுக்கச் சொன்னோம், எடுக்க மாட்டேன் என்றார் என்று காட்ட வேண்டும். பலகையும், வாய்விட்டுச் சொன்ன வார்த்தையும், போனில் எடுத்த வீடியோவும் இல்லாவிட்டால் உங்கள் முறைப்பாடு வெறும் மனக்குறையாக நின்றுவிடும். மூன்றும் இருந்தால் பொலிஸார் அதைக் கையில் எடுக்க முடியும்.

பலகையை மூன்று மொழியிலும் வையுங்கள். சீசனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சிங்களம் படிப்பவர்கள். தமிழில் மட்டும் எழுதினால், எனக்குத் தெரியவில்லை என்ற பதிலுக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். வாசகம் சின்னதாக இருக்கட்டும்: ‘தனியார் இடம். வாடகையாளரும் அவர்களிடம் வருபவர்களும் மட்டும் வாகனம் நிறுத்தலாம்.’ கீழே உங்கள் போன் நம்பர். இருட்டிலும் தெரிகிற மாதிரி, கேட்டுக்கு வெளியிலிருந்தே கண்ணில் படும் உயரத்தில் மாட்டுங்கள். சங்கிலி போடப்படும், இழுத்துச் செல்லப்படும் என்றெல்லாம் எழுதாதீர்கள். செய்ய உரிமை இல்லாததை எழுதிய பலகை நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சி.

‘மணிக்கு இவ்வளவு ரூபா’ என்று எழுதிவிட்டால் என்ன என்று உரிமையாளர் கேட்கக்கூடும். எனக்கு அது பிடிக்கவில்லை. காசு வாங்கினால் வேன்காரர் அத்துமீறியவராக இல்லாமல், பணம் கொடுத்து நிற்க உரிமை பெற்றவராகிவிடுவார். வாகனத்துக்கு ஏதும் நடந்தால் உங்களிடம்தான் வருவார். கட்டணம் கொடுக்காமல் போனாலும் அது வழக்கில் வசூலிக்க வேண்டிய கடன்தான். அதற்காகவும் வாகனத்தைப் பிடித்து வைக்க முடியாது.

ஆள் எடுக்க மறுத்தால், அல்லது வாகனத்தை விட்டுவிட்டு ஆளே காணாமல் போனால், 119க்கு அழையுங்கள். இல்லையென்றால் நேரே நுவரெலியா பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். இலக்கத் தகடு, வேன் நிற்கும் இடம், அடைபட்ட வழி, பலகை ஆகியவை தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு போங்கள். இலக்கத்தை வைத்துப் பதிவு உரிமையாளரைக் கண்டுபிடிக்க அவர்களால் முடியும். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சிங்களத்தில் எழுதினார்கள் என்றால், வாசித்துக் காட்டிப் பொருள் சொல்லும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். இதைப் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். பிறகு நீதிமன்றத்தில் தாங்கள் சொல்லாத வார்த்தைக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். இப்படியான சின்னக் குற்றங்களும் சில்லறைத் தகராறுகளும் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைக்குப் போவது வழக்கம். அதைச் சின்னதாக நினைக்க வேண்டாம். செலவு இல்லாமல், பக்கத்துக்காரரோடு எழுத்தில் ஓர் இணக்கம் கிடைத்தால் அதுவே பெரிய வெற்றி.

ஏனென்றால் உங்கள் உண்மையான பிரச்சினை ஒருநாள் வந்துபோகும் வேன்காரர் அல்ல, கெஸ்ட் ஹவுஸ்காரர். அவருக்கு முதலில் ஒரு சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ஒவ்வொரு சீசனும் சும்மா விட்டுக்கொண்டு வந்தால், நாங்கள் எப்போதும் இங்கேதான் நிறுத்துகிறோம் என்று அவர் சொல்லத் தொடங்குவார். நம் நாட்டில் 10 வருடம் தொடர்ந்து, எதிர்ப்பில்லாமல், உரிமை போலப் பாவித்த ஒன்றை வைத்து நீதிமன்றம் போகிறவர்கள் நிறையப் பேர்; 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கான கதவு. நீங்கள் எதிர்த்தீர்கள் என்பதற்கு உங்கள் கடிதம் எழுத்தில் ஒரு சாட்சியாக இருக்கும். அப்படியும் கேட்காமல் அடிதடி வரும் நிலை வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸாரோ, நீங்களே நேரடியாகவோ மனுப்போடலாம். யாருக்கு உறுதி இருக்கிறது என்பதை அங்கே பார்க்கமாட்டார்கள். இப்போது யார் கையில் இருக்கிறது, கடந்த இரண்டு மாதத்துக்குள் யாராவது பலாத்காரமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான் பார்ப்பார்கள். அந்த இரண்டு மாதக் கணக்கைத் தவறவிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

ஒரே வாகனம் வாரக்கணக்கில் அசையாமல் நின்றால் அதைத் தொடாதீர்கள், கதவைத் திறந்து பார்க்காதீர்கள். களவுபோன வாகனமாகவும் இருக்கலாம். பொலிஸில் எழுதிக்கொடுங்கள். அவர்கள் பொறுப்பெடுத்தால், நீதவானுக்கு அறிக்கை போய் அவருடைய கட்டளைப்படி நடக்கும்.

இப்போது அந்த அம்மாவின் விஷயம். உயிர் போகிற நேரத்தில் சட்டம் உங்கள் கையைக் கட்டிப்போடவில்லை. பெரிய தீங்கைத் தவிர்க்க நல்லெண்ணத்தோடு, தீய நோக்கமில்லாமல் செய்த செயல் குற்றமல்ல என்பது தண்டனைச் சட்டக்கோவையின் பொது விதிவிலக்குகளில் ஒன்று. 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள், 119க்கும் சொல்லுங்கள். வேனைக் கையால் தள்ள முடிந்தால் வழி திறக்கும் அளவுக்கு மட்டும் தள்ளி, நின்றதும் டயருக்குக் கல் வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒருவர் முழுவதையும் வீடியோ எடுக்கட்டும். கோபத்தில் கண்ணாடியை உடைப்பது வேறு, ஒரு நோயாளியை வெளியே கொண்டுபோக வேறு வழியே இல்லாமல் உடைப்பது வேறு. அந்த வித்தியாசத்தைக் காட்டப்போவது அந்த வீடியோ.

வாடகை ஒப்பந்தங்களையும் எடுத்துப் பாருங்கள். எந்த வீட்டுக்கு எந்த இடம் என்று எழுதியிருக்கிறதா? எழுதிக் கொடுத்திருந்தால், அந்த இடத்தை வாடகையாளர் பாவிக்கும்படி வைத்திருப்பது உரிமையாளர் ஏற்றுக்கொண்ட கடமை. எழுதாவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் எழுதுங்கள். பல் வைத்தியரிடம் வரும் நோயாளிகளுக்கு இரண்டு இடம் ஒதுக்கினால் பாதிச் சண்டை குறையும். கண்டியில் இருப்பது போன்ற, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர் இருக்கும் கூட்டாதன அடுக்குமாடி என்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் அதன் உபவிதிகளும் இந்த வேலையைச் செய்யும். உங்களுடையது தனி உரிமையாளரின் கட்டடம், ஆகவே ஒப்பந்தம்தான் எல்லாம்.

கேட்டைப் பூட்டி, வாடகையாளர்களுக்குச் சாவி கொடுப்பது முழுக்கச் சட்டபூர்வமானது. மடக்குகிற இரும்புத் தூணும் வைக்கலாம். ஆனால் கொத்தனாரைக் கூப்பிட முன்னர் உரிமையாளரிடம் நில அளவை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். மலைநாட்டு டவுன்களில், நம் முற்றம் என்று நினைக்கிற முன்பக்கத்தின் ஒரு துண்டு பாதைக்காக ஒதுக்கிய நிலமாக இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தத் துண்டில் நிற்கும் வாகனத்தைப் பற்றிப் பேசவேண்டியது பொலிஸாரும் மாநகர சபையும். அங்கே நீங்கள் தூண் நட்டால், அத்துமீறியவர் நீங்கள்தான். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று அளவையாளரை வைத்துக் காட்டிக்கொண்டு, அதற்கு உட்பக்கமாகத் தூணைப் போடுங்கள்.